தாளின் ஆயுள்



மின் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எங்கெங்கே அழைத்துப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொதிகலனைக் காட்டுவார்கள். டர்பைன் ஹாலில் நிறுத்தி, தரையின் அதிர்வைக் காலில் உணரச் சொல்வார்கள். கன்ட்ரோல் ரூமில் திரைகளைக் காட்டுவார்கள். வெளியே வரும்போது டர்பைன் ஹாலின் சுவரை ஒட்டி, இரண்டு தடித்த மதில்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பெட்டி ஒரே சுருதியில் முரன்றுகொண்டிருக்கும். அதைத் தாண்டி டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் இன்று பேச வந்தது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மர் என்பது அதன் முழுப்பெயர். நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் வாயில் அது ஜி.டி.

210 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வட சென்னையில் மூன்று என்று இந்த அளவில் பன்னிரண்டு அலகுகளைத் தமிழ்நாடு மின்வாரியம் நிறுவியது. ஆகையால் நமக்குப் பழகிய கணக்கு. ஜெனரேட்டர் 15.75 கிலோவோல்ட்டில் மின்சாரம் தருகிறது. முழுப் பளுவில் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 9,000 ஆம்பியர் ஓடும். அத்தனை கரண்ட்டைக் கம்பியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்ப முடியாது, வழியிலேயே சூடாகப் போய்விடும். ஜி.டி. அதை 230 கிலோவோல்ட்டுக்கு உயர்த்துகிறது, கரண்ட் 600 ஆம்பியர் சுமாருக்கு இறங்குகிறது. அந்த அலகு உற்பத்தி செய்வது அனைத்தும் இந்த ஒரே பெட்டி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். நிலக்கரி அரைக்கும் மில் ஒன்று நின்றால் இன்னொன்று உண்டு. ஃபீட் பம்ப்புக்கு ஸ்டாண்ட்பை உண்டு. ஜி.டி.க்கு எதுவும் இல்லை. அது படுத்துவிட்டால் கொதிகலன், டர்பைன், யார்டில் குவித்த நிலக்கரி, ஆட்கள் எல்லாம் இருந்தும் ஒரு நாளைக்கு 50 லட்சம் யூனிட் போயிற்று.

இவ்வளவு முக்கியமான பொருளை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? அதில் எதுவும் அசைவதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டர்பைனுக்கு பேரிங் தேயும், கொதிகலனுக்குக் குழாய் ஓட்டையாகும். இரண்டும் சத்தம் போட்டுத் தம் வயதைச் சொல்லும். டிரான்ஸ்பார்மர் முதல் நாள் எப்படி முரன்றதோ அப்படியே முப்பதாவது வருடமும் முரலும். திறனும் குறையாது. இழப்பு 0.3 விழுக்காடு என்று வைத்தால், 210 மெகாவாட்டில் 630 கிலோவாட் வெப்பமாகப் போகும். அந்தக் கணக்கு வயதானாலும் பெரிதாக மாறாது. உள்ளே இருக்கும் தாமிரத்துக்கு வயதாவதில்லை. இரும்புத் தகடுகளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், சுத்திகரிக்கலாம், அடியோடு மாற்றலாம்.

வயதாவது தாளுக்கு.

தாமிரக் கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பது மரக்கூழிலிருந்து செய்த கிராஃப்ட் தாள். சுருள்களுக்கு இடையே இருப்பது அதே கூழின் தடித்த அட்டை. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் மதிப்புள்ள அலகின் மின்சாரம் முழுவதையும் தாங்குவது, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தின் தாள் எதனால் ஆனதோ அதே செல்லுலோஸ். தாத்தா காலத்துப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பழுத்துப் போயிருக்கிறது, மூலையை மடித்தால் ஒடிகிறது இல்லையா? டிரான்ஸ்பார்மருக்குள்ளும் நடப்பது அதுவே. ஆனால் இங்கே அது சூடான எண்ணெயில் ஊறியபடி நடக்கிறது.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. புதிய தாளில் ஒரு சங்கிலிக்குச் சராசரி ஆயிரம், ஆயிரத்து இருநூறு கண்ணிகள் இருக்கும். வெப்பமும் ஈரமும் அமிலமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலியை நறுக்கிக்கொண்டே போகும். சராசரி 200 கண்ணிகளுக்கு இறங்கிவிட்டால் அந்தத் தாளின் ஆயுள் முடிந்தது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930இல் ஒரு விதி சொன்னார்: வெப்பநிலை 8 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். இன்றைய சர்வதேசத் தரநிலை அதை இன்னும் இறுக்கி, 6 டிகிரி என்கிறது. சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் சாதாரணத் தாளுக்கு இயல்பான தேய்மானம். 104 ஆனால் இரண்டு மடங்கு, 110 ஆனால் நான்கு மடங்கு. சித்திரை வெயிலில், கூலிங் ஃபேன்களில் இரண்டு ஓடாமல் கிடக்க, முழுப் பளுவில் ஓட்டிய ஒவ்வொரு மதியத்துக்கும் தாள் தன் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு கொடுமை. தாள் சிதையும்போது தண்ணீர் பிறக்கிறது. அந்தத் தண்ணீர் தாளை இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு ஈரம் வராவிட்டாலும் வயதான டிரான்ஸ்பார்மர் தன்னைத்தானே நனைத்துக்கொள்கிறது. எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்தில் வடிகட்டினால் எண்ணெயின் ஈரம் போய்விடும், சோதனைச் சீட்டு அழகாக வரும். ஆனால் ஈரத்தில் மிகப்பெரும்பகுதி இருப்பது தாளில். மூன்று மாதம் கழித்து மாதிரி எடுத்துப் பார்த்தால் பழையபடி ஏறியிருக்கும். அப்படியே ஈரத்தை முழுவதும் உலர்த்திவிட்டாலும், நறுங்கிய சங்கிலியை ஒட்டவைக்க உலகில் எந்த இயந்திரமும் கிடையாது.

சப்-ஸ்டேஷனில் இருக்கும் டிரான்ஸ்பார்மரையும் ஜி.டி.யையும் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்கவேண்டும். சப்-ஸ்டேஷனில் பளு ஏறும், இறங்கும்; இரவில் ஓய்வு உண்டு. பக்கத்தில் இன்னொன்று இருக்கும், பாதிப் பளுவைப் பகிர்ந்துகொள்ளும். ஜி.டி.க்கு அந்த வாய்ப்பு இல்லை. அனல் அலகைப் பத்திரமாக ஓட்டுவது என்றாலே இரவும் பகலும் முழுப் பளு என்றிருந்த காலத்தில் உழைத்தவை நம்முடைய பழைய ஜி.டி.கள். இப்போது பகலில் சூரிய மின்சாரம் வந்து அலகைப் பாதிக்குக் குறைக்கச் சொல்கிறார்கள், மாலையில் ஏற்றச் சொல்கிறார்கள். சராசரி வெப்பம் இதனால் குறைந்தாலும், தினமும் சூடாகி ஆறும்போது எண்ணெய் விரிந்து சுருங்கும், தாளுக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஈரம் போய்வரும். வயதான உடம்புக்கு இது புது வேலை.

இப்போது நான் சொல்லப்போவது இந்தப் பேச்சின் மையம். சங்கிலி 200க்கு இறங்கிய தாள் மின்சாரத்தைத் தடுக்கத் தவறுவதில்லை! அசையாமல் இருக்கும்வரை, எண்ணெயில் ஊறியிருக்கும்வரை, அது கிட்டத்தட்டப் புதுத்தாள் போலவே மின்னழுத்தத்தைத் தாங்கும். இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் நல்ல எண் காட்டும். அது இழந்திருப்பது இழுவிசையைத் தாங்கும் பலத்தை. சரி, டிரான்ஸ்பார்மருக்குள் எது இழுக்கும்? வெளியே லைனில் ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது சுருள்களின் வழியே இயல்பைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். சுருளைத் தள்ளும் விசை கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். ஆறு மடங்கு கரண்ட்டுக்கு முப்பத்தாறு மடங்கு விசை. இளம் வயதில் இறுக்கமாகப் பிடித்திருந்த அட்டைகள் வயதில் சுருங்கித் தளர்ந்திருக்கும். சுருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், ஒடியும் தாள் ஒடிந்துவிடும். அடுத்த நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் உள்ளே ஆர்க். எண்ணெய் வாயுவாக மாறி, டேங்க் பிளந்து, பல பத்தாயிரம் லிட்டர் எண்ணெய் தீப்பிடிக்கும்.

ஆகவே வயதான டிரான்ஸ்பார்மர் வயதால் சாவதில்லை. பத்து வருடம் முன்பு அலட்சியமாகத் தாங்கியிருக்கக்கூடிய, லைனில் விழுந்த ஒரு சாதாரண இடியில் சாகிறது. விசாரணை அறிக்கையில் இடி என்று எழுதுவார்கள். எழுதியது பொய்யும் இல்லை.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா? வழி உண்டு, நிறையவே உண்டு. ஓடும் டிரான்ஸ்பார்மரைத் திறந்து தாள் எடுக்க முடியாது என்பதால் எண்ணெயிடம் கேட்கிறோம். தாள் சிதையும்போது ஃபியூரான் என்ற வகைச் சேர்மங்கள் எண்ணெயில் கரைகின்றன. அவற்றை அளந்து தாளின் நிலையை ஊகிக்கலாம். கரைந்த வாயுக்களை அளக்கலாம். ஹைட்ரஜன், மீத்தேன், எத்திலீன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். அசிட்டிலீன் தலைகாட்டினால் உள்ளே எங்கோ பொறி பறக்கிறது என்று பொருள். எண்ணெய்த் தொட்டிக்கும் டேங்குக்கும் நடுவே குழாயில் உட்கார்ந்திருக்கும் புக்கோல்ஸ் ரிலே 1921இலிருந்து, அதாவது மாக்ஸ் புக்கோல்ஸ் ஜெர்மனியில் அதை உருவாக்கிய நாளிலிருந்து, இன்றுவரை குமிழிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறாத கருவிகள் நம் தொழிலில் அதிகம் இல்லை. இதை வடிவமைத்தவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடலாம். டேங்கிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் புஷிங்குகளின் டேன் டெல்டா, சுருள் நகர்ந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்.எஃப்.ஆர்.ஏ. சோதனை என்று பட்டியல் நீளும்.

அளப்பது பெரிய விஷயமில்லை. அளந்த எண்ணை யார் படிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 2025 மார்ச் 20 இரவு, மேற்கு லண்டனில் நார்த் ஹைட் சப்-ஸ்டேஷனில் ஒரு 275 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. மறுநாள் பெரும்பகுதி நேரம் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக்கிடந்தது. பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மின்சாரம் போனது. பக்கத்தில் இருந்த டிரான்ஸ்பார்மர்களும் நின்றுபோயின. அந்நாட்டு மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு ஜூலையில் தந்த அறிக்கை என்ன சொன்னது? புஷிங்குக்குள் ஈரம் இறங்கியதே பெரும்பாலும் காரணம். அந்தப் புஷிங்கின் எண்ணெயில் ஈரம் மிகுந்திருப்பது 2018 ஜூலையிலேயே ஒரு சோதனையில் தெரிந்திருந்தது. ஏறக்குறைய ஏழு வருடம் அந்த எண் காகிதத்தில் இருந்தது.

மின் நிலையத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரையில், டிரான்ஸ்பார்மரை எப்படி மாற்றக்கூடாது என்பதற்கு ஜெர்மனியின் க்ரூமல் நிலையத்தைவிடப் பெரிய பாடம் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹம்பர்க் நகருக்குத் தென்கிழக்கே எல்பே ஆற்றங்கரையில் கேஸ்டாக்ட் என்ற ஊர். ஆல்ஃபிரெட் நோபெல் 1860களில் டைனமைட் செய்த இடம் அந்தக் க்ரூமல் மேடுதான். நூறு வருடம் கழித்து அங்கே ஓர் அணுமின் நிலையம் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. 1,300 மெகாவாட்டுக்கு மேல் தரும் கொதிநீர் உலை. வாட்டன்ஃபால் நிறுவனம் நடத்தியது, ஈ.ஆன் நிறுவனத்துக்குப் பாதிப் பங்கு. அவ்வளவு பெரிய அலகின் மின்சாரத்தை வெளியேற்ற இரண்டு ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மர்கள்.

2007 ஜூன் 28 பிற்பகலில் அவற்றில் ஒன்றில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்தது. கரும்புகை எழுந்த படம் அன்று மாலையே ஜெர்மனி முழுக்கப் பரவிவிட்டது. உலை தானாக நின்றது. டிரான்ஸ்பார்மர் உலையிலிருந்து தள்ளி, வெளியே திறந்தவெளியில் இருப்பது. அதன் தீ உலையை என்ன செய்யும் என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் தீயின் புகை காற்றோட்டக் குழாய் வழியே கன்ட்ரோல் ரூமுக்குள் புகுந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு வால்வுகள் திறக்கப்பட்டன. உலையின் அழுத்தமும் நீர்மட்டமும் மளமளவென்று இறங்கின. பாதுகாப்பு அமைப்புகள் ஈடுகட்டின. கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. ஆனால் தகவல்களைத் துண்டு துண்டாகத் தந்த நிறுவனத்தை ஊர் நம்ப மறுத்தது. சில வாரங்களில் நிறுவனத்தின் ஜெர்மன் பிரிவுத் தலைவரும் அணுமின் பிரிவுத் தலைவரும் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. வெளியே நின்ற எண்ணெய்ப் பெட்டி ஒன்றால்!

இரண்டு வருடம் நிலையம் நின்றது. 2009 ஜூனில் மறுபடி ஓட்டினார்கள். ஜூலை 4, மீண்டும் ஒரு ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மரில் ஷார்ட் சர்க்யூட், உலை மீண்டும் தானாக நின்றது. திடீரென்று அத்தனை மெகாவாட் காணாமற்போன அதிர்ச்சியில் ஹம்பர்க் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. பம்புகள் நின்று, அழுத்தம் தடுமாறித் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன.

அதன்பிறகு வெளியே வந்த செய்திதான் பொறியாளர்களைத் தலைகுனிய வைத்தது. உள்ளே நடக்கும் நுண்ணிய பொறிகளைக் கேட்டுச் சொல்லும் பார்ஷியல் டிஸ்சார்ஜ் கருவியைப் பொருத்துவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. பொருத்தவே இல்லை. நிலையத்தின் தலைவர் நீக்கப்பட்டார். இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும் புதிதாக மாற்றப்போவதாக அப்போதுதான் அறிவித்தார்கள். இரண்டு வருடம் நிலையம் முழுவதும் நின்றுகிடந்தபோது எடுக்கவேண்டிய முடிவு அது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து, அந்த ஆகஸ்டில் க்ரூமலின் உரிமத்தைச் சட்டமே முடித்துவைத்தது. 2009 ஜூலை 4க்குப் பிறகு அது ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யவில்லை.

ஃபுகுஷிமா இல்லாவிட்டால் ஓடியிருக்கும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஒன்று எரிந்தபோது அதை ஒரு தனிப் பொருளின் சாவாகப் பார்த்தார்கள். ஒரே நிலையத்தில், ஒரே ஜெனரேட்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் உழைக்கும் டிரான்ஸ்பார்மர்கள் ஒரே பளுவைச் சுமந்தவை, ஒரே ஷார்ட் சர்க்யூட்டுகளைத் தாங்கியவை. ஒன்று போனால் மற்றதன் நாடியை அன்றே பிடித்துப் பார்க்கவேண்டும். நாடி நன்றாக இருக்கிறது என்று ஒரு சோதனை சொன்னாலும் அதை முழுதாக நம்பக்கூடாது. முன்பே சொன்னேன், ஒடியும் தாள் மெகரில் நல்ல எண்தான் காட்டும்.

இனி ஆர்டருக்கு வருவோம். கடையில் போய் வாங்கும் பொருள் அல்ல இது. ஒவ்வொன்றும் தனியாக வடிவமைத்துச் செய்வது. கோவிட்டுக்கு முன்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் வந்தது. இப்போது உலகச் சந்தையில் பெரிய டிரான்ஸ்பார்மருக்கு இரண்டிலிருந்து நான்கு வருடம் சொல்கிறார்கள். சூரிய ஒளி, காற்று, டேட்டா சென்டர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். போபாலிலும் ஜான்சியிலும் பெல் நிறுவனம் டிரான்ஸ்பார்மர் செய்கிறது, தனியார் தொழிற்சாலைகளும் உண்டு, ஆகையால் நமக்கு நிலைமை சற்றுத் தேவலை. ஆனால் கோர் செய்யும் சி.ஆர்.ஜி.ஓ. எஃகு? நார்மன் காஸ் 1934இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில், மணிகளை ஒரே திசையில் படியவைத்து, கால் மில்லிமீட்டர் கனத்தில் உருட்டும் எஃகை உலகில் விரல்விட்டு எண்ணும் ஆலைகளே செய்கின்றன. அமெரிக்காவிலேயே ஒரே ஒரு நிறுவனம்தான் செய்கிறது. நாம் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறோம்.

ஆக, மூன்று வருடம் கழித்து வேண்டியதை இன்று ஆர்டர் கொடுக்கவேண்டும். இன்று அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போகும்போது நடக்கும் பேச்சு இங்கே பலருக்குப் பழக்கம்.

“ஏன் சார், இது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? எண்ணெய் டெஸ்ட்டும் பாஸ்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“எண்ணெய் பாஸ் சார். தாள் பாஸ் இல்ல.”

“தாளை யாரு சார் பார்த்தா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறிய பொறியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் புரியும் மொழியில் நாம் எழுதுவதில்லை. ஃபியூரான் அளவு இத்தனை என்று மட்டும் எழுதிக் கோப்பை நீட்டினால் அவர் என்ன செய்வார்? பத்து வருட அளவுகளை ஒரே வரைபடத்தில் வையுங்கள். அவை காட்டும் தாளின் சரிவு எந்த ஆண்டில் 200 கண்ணிகளைத் தொடும் என்று கோடு இழுத்துக் காட்டுங்கள். ஆர்டர் கொடுத்தால் எந்த ஆண்டில் புதியது வரும் என்று பக்கத்தில் இன்னொரு கோடு. நடுவில் எத்தனை மாதம் அலகு நின்றால் எத்தனை கோடி யூனிட் என்பதை ரூபாயில் எழுதுங்கள். கோப்பு நகரும். நகராவிட்டாலும், எழுதி வைத்தது இருக்கும்.

வாங்கும் இடத்தில் சிலர் ஒரு வாதம் சொல்வார்கள்: பழைய காலத்து டிரான்ஸ்பார்மர் பலமானது, இப்போது வருவது மெலிந்தது. இதில் பாதி உண்மை உண்டு. சறுக்குக்கோல் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் தாமிரத்தையும் அட்டையையும் கூட்டிப் போட்டார்கள். இன்று கணிப்பொறி சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வைக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது அல்ல. டெண்டரில் வேண்டியதைக் கேட்டு எழுதுவது. வெப்பம் தாங்கும்படி பதப்படுத்திய தாள் கேளுங்கள். சூடான புள்ளி 110 டிகிரியிலும் அது இயல்பான வேகத்தில்தான் தேயும். எண்ணெய்த்தாள் புஷிங்குக்குப் பதில் ரெசின் ஊட்டிய புஷிங் கேளுங்கள். தீயின் ஒரு பெரிய வாசல் அங்கேயே அடைபடும். விலையை மட்டும் பார்க்காமல், இருபத்தைந்து வருட இழப்பையும் ரூபாயாக்கிக் கூட்டி ஒப்பிடுங்கள். இதெல்லாம் நம் நாட்டு நடைமுறையில் இருப்பதுதான். எழுதுகிறவருடைய கை சோராமல் இருந்தால் போதும்.

பழைய இடத்தில் புதியதை உட்காரவைப்பது இன்னொரு அத்தியாயம். புது நிலையம் கட்டும்போது டிரான்ஸ்பார்மருக்கு ஏற்ப மேடை கட்டுவார்கள். இங்கே மேடை இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, இரண்டு பக்கமும் தீத்தடுப்பு மதில் இருக்கிறது, ஜெனரேட்டரிலிருந்து வரும் பஸ் டக்ட் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வந்து நிற்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதில் உள்ளபடி எதுவும் இருக்காது; எவரோ எப்போதோ ஒரு குழாயை மாற்றியிருப்பார், மேடை ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கும். டெண்டர் எழுதுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் அளக்கவேண்டும். பஸ் டக்ட்டின் ஃபிளாஞ்ச் 20 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும், பல கோடி ரூபாய்ப் பொருள் மேடையில் உட்கார்ந்திருக்க, வெல்டரைத் தேடி ஓடவேண்டியிருக்கும்.

இம்பீடன்ஸ் என்ற எண்ணும் இப்படித்தான். புதியதன் இம்பீடன்ஸ் பழையதைவிடக் குறைந்தால் ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் கரண்ட் கூடும். யார்டில் உள்ள பிரேக்கர்கள் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். கூடிப்போனால் வோல்டேஜ் கட்டுப்பாட்டில் கைவைக்கும். வெக்டர் குரூப் மாறவே கூடாது. டிஃபரன்ஷியல் ரிலேயின் செட்டிங்கை மறுபடி கணக்கிடவேண்டும்.

கொண்டுவருவது தனி. எண்ணெய் இல்லாமல், புஷிங் இல்லாமல், ரேடியேட்டர் இல்லாமல், வெறும் டேங்கே நூற்றைம்பது டன்னைத் தாண்டும். உள்ளே ஈரம் புகாதபடி உலர்ந்த நைட்ரஜனையோ காற்றையோ நிரப்பி, அதிர்வைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டி, பல அச்சுகள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லரில் ஏற்றுவார்கள். வழியில் ஒவ்வொரு பாலத்துக்கும் அனுமதி வேண்டும். மின் கம்பிகளைத் தூக்கிக் கட்டவேண்டும், சுங்கச்சாவடியில் ஓரத்துப் பாதையைத் திறக்கவேண்டும். வந்து சேர்ந்ததும் முதல் வேலை அந்த அதிர்வுக் கருவியைப் படிப்பது. எங்கோ ஒரு வேகத்தடையில் அளவுக்கு மேல் குலுங்கியிருந்தால், எஸ்.எஃப்.ஆர்.ஏ. எடுத்துத் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடாமல் இறக்கக்கூடாது. இறக்கிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடும். ஏட்டில் இல்லாத, வேலையில் மட்டும் கற்கும் பாடம் இது.

பிறகு பொறுமையின் காலம். புஷிங்குகளை ஏற்றி, ரேடியேட்டர் பொருத்தி, டேங்கை மூடி, வெற்றிட பம்ப்பைப் போடுவார்கள். உள்ளே ஒரு மில்லிபாருக்கும் கீழே இறக்கி, மணிக்கணக்காக அப்படியே நிறுத்தவேண்டும். சூடான எண்ணெயை மெதுவாக உள்ளே விடவேண்டும். ஃபில்டர் மெஷின் இரவும் பகலும் ஓடும். பிறகு அசையாமல் விட்டு, கரைந்த குமிழிகள் வெளியேறக் காத்திருக்கவேண்டும். அலகு நிற்கும் ஒவ்வொரு நாளும் மேலிருந்து போன் வரும். “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்பார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு நாளைத் திருடுகிறவர், டிரான்ஸ்பார்மரின் ஆயுளிலிருந்து வருடங்களைத் திருடுகிறார். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

சார்ஜ் செய்வதில் ஜி.டி.க்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. சப்-ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மருக்கு ஒரே அடியில் முழு வோல்டேஜ் கொடுத்தாகவேண்டும். ஜி.டி.யை அதன் ஜெனரேட்டரைக் கொண்டே பூச்சியத்திலிருந்து படிப்படியாக ஏற்றலாம். ஒவ்வொரு படியிலும் நின்று ரிலேக்களைப் பார்க்கலாம். அவசரக்காரர்கள் கிரிட்டிலிருந்து ஒரே தட்டில் சார்ஜ் செய்துவிட்டுக் கைதட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஸ்பேர் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அளவு அலகுகள் பன்னிரண்டு நிறுவிய மின்வாரியத்தில் பொதுவான ஸ்பேர் ஒன்றிரண்டு இருந்தால் எத்தனை நிம்மதி! ஆனால் வேறு வேறு காலத்தில் வேறு வேறு தயாரிப்பாளரிடம் வாங்கும்போது, அடித்தளமும் ஃபிளாஞ்ச்சும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மத்திய மின்சார ஆணையம் 2021இல் பெரிய டிரான்ஸ்பார்மர்களுக்குப் பொதுவான விவரக்குறிப்பு வெளியிட்டதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. இனி மாற்றும் ஒவ்வொரு ஜி.டி.யையும், அதே அளவிலான எந்த நிலையத்தின் மேடையிலும் உட்காரும்படி கேட்டு வாங்கினால், பத்து வருடத்தில் அந்த நிம்மதி நமக்கும் கிடைக்கும்.

கடைசியாகப் பழையதைப் பற்றி. புதியது வந்த மகிழ்ச்சியில் பழையதை யார்டின் மூலையில் தள்ளி ஏலத்துக்கு எழுதிவிடுவார்கள். முதலில் எண்ணெயில் பி.சி.பி. இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். பழைய நாளில் சில கருவிகளில் அந்த நச்சுச் சேர்மத்தை ஊற்றினார்கள். ஒரே ஃபில்டர் மெஷினைப் பல இடங்களில் ஓட்டியதால், கலக்கக்கூடாத எண்ணெயிலும் கலந்தது. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி, அது உள்ள கருவிகளை 2025க்குள் பயன்பாட்டிலிருந்து விலக்கவும், கழிவை 2028க்குள் முறையாக அழிக்கவும் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தச் சோதனை முடியாமல் ஒரு லிட்டர் எண்ணெயும் வெளியே போகக்கூடாது.

தாமிரத்துக்காக ஏலம் எடுத்தவர் வந்து சுருளை வெட்டும்போது, நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஒவ்வொரு ஃபேஸின் மேல்சுருள், நடு, அடி என்று தாள் துண்டுகளை வெட்டி, இடத்தைக் குறித்து, மூடிய புட்டியில் போட்டு லேபுக்கு அனுப்பட்டும். ஃபியூரானை வைத்து இத்தனை காலம் ஊகித்தது எவ்வளவு சரி என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தத் துண்டுகள். பக்கத்து அலகில் அதே வயதில், அதே தயாரிப்பில் இன்னொரு ஜி.டி. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எப்போது ஆர்டர் கொடுக்கவேண்டும் என்பதை இந்தத் துண்டுகளைக் கொண்டுதான் கணக்கிட முடியும். ஏல நிபந்தனைகளில் இதற்காக ஒரு வரி சேர்க்கவேண்டும். மாதிரி வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள்.